வாயில் கொஞ்சம் கண்ணாடி

விருத்தாசலத்தில் மச்சினன் வீட்டில் முறுக்கு கடித்தேன். முறுக்கு அசையவில்லை. பல் அசைந்தது.

உள்ளூர் பல் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பிரஷ் பண்றப்ப ரத்தம் வந்திருக்குமே?"

"ரெண்டு வருஷமா வருது டாக்டர். ஆபீஸ் வேலையில கவனிக்கலை."

"ஆபீஸ்ல பல்லையா அடமானம் கேட்டாங்க?"

பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு ஒரு பக்கம் கரைந்து, பள்ளம் விழுந்துவிட்டதாம். பல்லைப் பிடுங்கலாம், அல்லது ஈறைத் திறந்து சுத்தம் செய்து, பள்ளத்தில் கண்ணாடித் தூளை வைத்து மூடிப் பார்க்கலாம் என்றார்.

"கண்ணாடியா!"

கூட வந்த மச்சினனுக்கு ஒரே குஷி. அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற பீங்கான் சூளைக்காரன் அவன். "டாக்டருக்கு எதுக்கு மாமா காசு? அடுத்த சூளையில பொம்மையோட பொம்மையா உங்களையும் வெச்சு சுட்டுடறேன்."

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படித்ததில் தெரிந்துகொண்டது இது. 1967-ல் லாரி ஹென்ச் என்ற அமெரிக்க செராமிக் பேராசிரியர் ஒரு மாநாட்டுக்கு பஸ்ஸில் போனார். பக்கத்து ஸீட்டில், வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ கர்னல். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள்களைப் பற்றி ஹென்ச் பெருமையாகச் சொல்ல, "மனுஷ உடம்பு ஏத்துக்கிற மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா?" என்று கேட்டார் கர்னல். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஒதுக்குவதால் எத்தனையோ சிப்பாய்கள் கை கால் இழந்துகொண்டிருந்த நேரம். (நம்மூர் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் நம் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்பார்.)

1969-ல் பதில் கிடைத்தது. மணல், சோடா, சுண்ணாம்பு, கொஞ்சம் பாஸ்பரஸ் சேர்த்து உருக்கிய கண்ணாடி. எலியின் தொடை எலும்பில் வைத்து ஆறு வாரம் கழித்துப் பிடுங்கப் பார்த்தால், வரவில்லை. எலும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது!

ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா சுமார் 70 சதவிகிதம். இதில் 45தான். அதனால் உடம்பின் ஈரத்தில் மெல்லக் கரைகிறது. முதலில் சோடியம் வெளியேறும். மேற்பரப்பு ஜெல்லி மாதிரி ஆகும். அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பில் இருக்கிற அதே ரகத் தாதுவாக இறுகும். எலும்பு செல்கள் 'அட, நம்மாளு!' என்று குடியேறும். கண்ணாடி கரையக் கரைய எலும்பு வளரும்.

1985-ல் நடுக்காது எலும்புக்குப் பதிலாக வைத்தார்கள். 1993-ல் பல் எலும்புப் பள்ளத்துக்கு வந்தது. பல் கூச்சத்துக்கான சில டூத்பேஸ்ட்களிலும் இந்தத் தூள் உண்டு. நம் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா இன்ஸ்டிட்யூட் இதே வகைக் கண்ணாடியை எலும்புத் தாதுவோடு கலந்து ஒரு பொருள் உருவாக்கியிருக்கிறது. ஒரே குறை, உடையும். முழுத் தொடை எலும்பாக நிறுத்தினால் பாரம் தாங்காது.

காலையில் மச்சினனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாங்க கரையாம இருக்கணும்னுதான் மாமா சுடறோம். இவன் கரையறதுக்குன்னே உருக்கியிருக்கானே!"

விருத்தாசலம் மணிமுத்தாற்றில் கரைக்கும் எலும்பு கூழாங்கல்லாகிவிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. டாக்டர் என் வாயில் மணலை எலும்பாக்கப் பார்க்கிறார். தூள் வைத்தாகிவிட்டது. பலன் ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரியும். "ஈறு அழுக்கா இருந்தா எந்தக் கண்ணாடியும் காப்பாத்தாது" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

நாளைக் காலை உங்கள் பிரஷ்ஷில் சிவப்பு தெரிந்தால், பல்லுக்காக அரை நாள் லீவு போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் பல்லே நிரந்தர லீவில் போய்விடும்.