இயக்குநர் குழுவில் மகளிர் இருக்கை: சலுகையா, உரிமையா?

கைக்கடிகாரம் முதல் கைப்பேசி உறுப்புகள் வரை, ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்று உருவாகும் பொருள்களுள் பெண்களின் விரல் படாதவை மிகச் சிலவே. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், இராயக்கோட்டை, சூளகிரி ஆகிய ஊர்களின் சாலையோரங்களில், பொழுது புலருமுன்பே தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் மகளிரைக் காணாதார் இலர். வடமாநிலங்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் பெண்களும் பலர். போச்சம்பள்ளியில் அமையும் தன் மின் ஸ்கூட்டர் ஆலையை முழுவதும் மகளிரே இயக்குவர் என ஓலா நிறுவனம் 2021-இல் அறிவித்தது. ஒருகாலத்தில் பெண்சிசுக் கொலைக்காகப் பழி சுமந்த பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியே இம்மண் என்பதை எண்ணினால், இம்மாற்றத்தின் அருமை விளங்கும்.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. இப்பெண்களின் பணிநேரம், ஊதியம், விடுதி வசதி ஆகியவற்றை முடிவு செய்யும் மேசையைச் சுற்றி எத்தனை பெண்கள் அமர்ந்துள்ளனர்?

இதற்கு விடைகாண முயன்றது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். பங்குச்சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் அனைத்தும் ஒரு பெண் இயக்குநரையேனும் கொண்டிருத்தல் வேண்டும் என்று அச்சட்டமும், 2014-இல் வெளிவந்த அதன் விதிகளும் பணித்தன. 100 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட மூலதனமோ, 300 கோடி ரூபாய் விற்றுமுதலோ உடைய ஏனைய பொது நிறுவனங்களுக்கும் அதே கடமை விதிக்கப்பட்டது. நார்வே நாடு 2003-இலேயே நூற்றுக்கு 40 இடங்கள் என்று சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2022-இல் அவ்வழியைப் பின்பற்றியது. நம் நாட்டிலோ கேட்கப்பட்டது ஒரே ஓர் இருக்கை. அதற்கும் மறுப்புகள் எழுந்தன. அவற்றுள் இரண்டினை ஈண்டு ஆராய்வோம்.

‘தகுதி இருந்தால் தாமே வருவர், சட்டம் எதற்கு?’ என்பது முதல் மறுப்பு. நம் மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றை இதற்கு விடையாகக் கூறலாம். 1900-இல் தோன்றிய முருகப்பா குழுமத்தின் குடும்ப முதலீட்டு நிறுவனம் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ். எம்.வி. முருகப்பன் 2017-இல் மறைந்தபின், அவருடைய மூத்த மகள் வள்ளி அருணாசலம் அந்நிறுவனத்தில் இயக்குநர் பொறுப்பைக் கோரினார். அவர் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர்தம் குடும்பக் கிளைக்கு நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட பங்குகளும் இருந்தன. எனினும் 2020 செப்டம்பரில் கூடிய பங்குதாரர் பேரவை, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளால் அவரை ஏற்க மறுத்தது. தாம் பெண் என்பதே தடையாயிற்று என்றார் அவர். 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் உடன்பாடு காணப்பட்டது. அப்பூசலில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. கல்வியும் பங்குரிமையும் உடைய ஒருவருக்கே கதவு திறக்கவில்லையெனில், ‘தகுதி தானே வழி காணும்’ என்னும் கூற்றை எங்ஙனம் நம்புவது?

‘மனைவியையோ மகளையோ பெயருக்கு அமர்த்திவிடுவர்’ என்பது இரண்டாம் மறுப்பு. இதில் உண்மை உண்டு. அதற்கு மருந்தும் தேடப்பட்டது. உரிமையாளர் குடும்பத்தோடு உறவில்லாத, சார்பற்ற பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்று செபி அமைப்பு 2018-இல் விதி செய்தது. முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், முதல் 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் அது நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் மகளிர் ஒதுக்கீட்டோடு 1996-இல் தேர்தல் நடந்தபோதும், ‘கையெழுத்து மனைவியுடையது, ஆட்சி கணவனுடையது’ என்று எள்ளி நகைத்தோர் பலர். அந்நகைப்புக்கு அஞ்சித் தமிழகம் பின்வாங்கவில்லை. 33 விழுக்காடாக இருந்த ஒதுக்கீடு 2016-இல் 50 ஆயிற்று. மேற்கு வங்கத்திலும் இராஜஸ்தானிலும் பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகளைச் சட்டோபாத்யாயவும் எஸ்தர் டூஃப்ளோவும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. பெண்கள் மிகுதியாக வேண்டிய குடிநீர் முதலிய பணிகளுக்கு அங்கே கூடுதல் கவனம் கிட்டியது. அமர்பவர் மாறினால் முடிவும் மாறுகிறது.

எனவே இவ்விருக்கை சலுகையன்று, உரிமையே என்பது என் துணிபு. ஆயினும் சட்டத்தில் ஒரு பெருங்குறை உண்டு. அது மாடியில் நாற்காலியிட்டதேயன்றிப் படிக்கட்டு அமைக்கவில்லை. ஆலையின் தளத்தில் நிற்கும் பெண், மேற்பார்வையாளராகி, பிரிவுத் தலைவராகி, மேலாளராக உயர்ந்தாலன்றி நாளைய இயக்குநர் எங்கிருந்து வருவார்? மாலை 7 மணிக்கு மேல் பெண்கள் ஆலையில் பணிபுரியலாகாது என்ற 1948-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல் செல்லாதென அறிவித்தது. சட்டத்தின் தடை நீங்கியது. பாதுகாப்பான பேருந்து, குழந்தைக் காப்பகம், பதவி உயர்வில் நேர்மை ஆகியன எங்கும் நிறைந்தனவா என்பதே இன்றைய கேள்வி. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு படியிலும் உள்ள பெண்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் வெளியிடுதல் வேண்டும். எந்தப் படியில் அவர்கள் நின்றுவிடுகின்றனர் என்பது அப்போது தெரியும்.

படி அமைத்தால் ஏறுவர் என்பதற்கு ஓசூரிலேயே சான்று உண்டு. மைராடா தொண்டு நிறுவனத்தின் முயற்சியால், 1990-களில் இப்பகுதிச் சிற்றூர்ப் பெண்கள் டைட்டன் நிறுவனத்திற்குக் கடிகாரப் பட்டைகளை இணைத்துத் தரும் பணியில் இறங்கினர். ‘மெடோ’ என்னும் அந்நிறுவனத்தில் தன்னுதவிக் குழுப் பெண்களே பங்குதாரர்களாயினர். நிருவாகப் பொறுப்பையும் ஏற்றனர். பெரும்பட்டம் பெறாத அவர்களால் இயன்றது, பட்டம் பெற்ற நம் மாணவியரால் இயலாதா?

இறுதியாக, சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு சொல். வணிகத் தலைமை பெண்ணுக்குப் பொருந்தாது என்று கூற நமக்கு வழியில்லை. கதீஜா நாயகியார் (ரலி) தம் பொருளைத் தம் பெயரிலேயே வணிகத்தில் ஈடுபடுத்தியவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அவ்வணிகப் பொறுப்பை ஒப்படைத்தவரும் அவரே. கம்பெனிகள் சட்டம் வந்த அதே 2013-இல் திருத்தப்பட்ட வக்ஃப் சட்டமும், மாநில வாரியத்தில் குறைந்தது இரு பெண்கள் வேண்டும் என்றது. வழக்கறிஞர் பதர் சயீத் தமிழ்நாடு வக்ஃப் வாரியத்தின் தலைவராகவே பணியாற்றியுள்ளார். ஆலை முதலாளியை நோக்கி நாம் கேட்கும் கேள்வியை, நம் பள்ளி, கல்லூரி, அறக்கட்டளைகளின் ஆட்சிக்குழுக்களை நோக்கியும் கேட்க வேண்டாமா? அடுத்த ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது, இங்குப் படித்து வெளியேறிய மாணவியர் சிலரின் பெயர்களையும் பெரியோர்கள் முன்மொழிய வேண்டும். நம் இல்லத்தில் தொடங்கினால்தான் ஊரைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.