விஞ்ஞான வீடியோக்களை எங்கே வைப்பது?

சில ஆண்டுகளுக்கு முன்னர், பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய எட்டு நிமிட வீடியோ ஒன்றுக்குத் தமிழ் வரிகள் எழுதும் பணி என்னிடம் வந்தது. விளக்கவுரை ஆங்கிலத்தில் ஒலிக்க, படத்தின் அடியில் தமிழ் ஓட வேண்டும். மருந்தை ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லிலிட்டர் வீதம் கலக்க வேண்டும் என்பது மூலத்தில் கண்ட செய்தி. தட்டச்சில் ஒரு சுழி மிகுந்து 20 என்று போய்விட்டது. எழுதியவனும் சரிபார்த்தவனும் நானே ஆதலால், குற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேறெவரும் இல்லை.

படம் வெளியான பதினொன்றாம் நாள் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பிழையைச் சுட்டி எழுதினார். திருத்துவது ஒரு நிமிட வேலை என்றே எண்ணினேன். விசாரித்தபோதுதான் உண்மை நிலை விளங்கிற்று. தமிழ் வரிகள் தனியே நிற்கவில்லை. படத்தின்மீதே பச்சை குத்தினாற்போல் பதிக்கப்பட்டிருந்தன. எழுத்துப் பதியாத பிரதி ஒப்பந்தக்காரரிடம் இருந்தது. அவருடைய தவணையோ முடிந்துவிட்டது. வீடியோ வைக்கப்பட்டிருந்த வர்த்தக மேடையில், ஒருமுறை ஏற்றிய படத்தை அதே முகவரியில் வைத்துக்கொண்டு மாற்ற வழியில்லை. கணக்கும் ஒப்பந்தக்காரரின் பெயரிலேயே இருந்தது. அவருடைய பழைய ஊழியர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் படத்தை நீக்கச் செய்வதற்குள் ஐந்து வாரங்கள் சென்றன. அந்த முகவரியை அச்சிட்டு விநியோகித்த துண்டுப் பிரசுரங்கள் வீணாயின. திருத்திய தமிழ்ப் படம் பின்னர் வரவேயில்லை. ஆங்கிலப் படம் இன்றும் இருக்கிறது.

இவற்றுள் பாதிக் குற்றம் எங்களைச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வர்த்தக மேடைகளும் வரிகளைத் தனிக் கோப்பாக ஏற்கின்றன. அவ்வாறு கேட்டுப் பெறாதது நாங்கள் செய்த தவறு. ஆயினும் அன்று முதல் எனக்கு ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. பொதுப் பணத்தில் நம் நாட்டு மொழிகளில் ஆக்கப்படும் விஞ்ஞான வீடியோக்களின் முதற்பிரதி, அரசாங்க ஸ்தாபனங்கள் தாமே நிர்வகிக்கும் திறந்த மூல மேடைகளில்தான் இருக்க வேண்டும்.

'திறந்த மூலம்' என்னும் தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மென்பொருளின் ஆதார நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை கொடுத்து வெளியிடுவதே இதன் பொருள். மூலம் என்னும் சொல்லுக்கு வைத்தியத்தில் வேறொரு பொருளும் உண்டாதலால், எங்கள் அலுவலகத்தில் இத்தொடரைக் கேட்டுப் புன்னகை செய்யாதவர் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று சிலர் வழங்குகின்றனர். அது நல்ல தமிழ்தான். எனினும் உரிமையைப் பற்றிய ஒரு தனிக் கொள்கையையும் அச்சொல் உடன் சுமந்து வருவதால், இங்கே முதற்சொல்லையே ஆள்கிறேன்.

வீடியோ மேடை என்பது வெறும் கிடங்கன்று. ஏற்றப்படும் படத்தை அது முதலில் பல அளவுகளில் மாற்றி அமைக்கிறது. வேகமான இணைப்பு உள்ளவருக்குப் பெரிய படமும், கிராமத்துக் கைப்பேசிக்குச் சிறிய படமும் வேண்டுமல்லவா? பின்னர் ஒவ்வோர் அளவையும் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, துண்டுகளின் பட்டியலையும் எழுதிவைக்கிறது. பார்ப்பவரின் கருவி இணைப்பின் வேகத்துக்கு ஏற்றவாறு அடுத்த துண்டை எந்த அளவில் கேட்பது என்று தானே தீர்மானித்துக்கொள்ளும். இந்த மாற்று வேலையில் உலகெங்கும் பெரிதும் உபயோகமாவது எப்.எப்.எம்பெக் என்னும் திறந்த மூல மென்பொருள். பிரெஞ்சு நிபுணர் பாப்ரிஸ் பெல்லார் 2000-ம் ஆண்டில் தொடங்கிய முயற்சி அது. வர்த்தக மேடைகள் பலவற்றின் உள்ளேயும் இத்தகைய பொது நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதைப் பலர் அறியார்.

முழு மேடையையே திறந்த மூலமாக அளித்தவர்களும் உளர். 2006-ல் தோன்றிய கல்தூரா, பிரசுரகர்த்தர்களையும் கல்வி நிலையங்களையும் நிரல் எழுதுவோரையும் கருதித் தன் நிரலைத் திறந்து வைத்தது. அதே நிறுவனம் கட்டணச் சேவையையும் நடத்துகிறது. திறந்த பங்கும் விற்கும் பங்கும் முற்றும் ஒன்றல்ல என்பதை, அதை நாடுவோர் நினைவில் வைக்க வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும், ஜூரிச் நகரத்து ஈ.டி.எச். என்னும் தொழில்நுட்பக் கழகமும், வேறு பல கல்வி நிலையங்களும் கூடி வளர்த்தது ஓப்பன்காஸ்ட். வகுப்பறை விரிவுரைகளைக் குறித்த நேரத்தில் தானே பதிவு செய்து, ஆசிரியரையும் திரையில் காட்டும் படங்களையும் அருகருகே வைத்து, அப்படங்களிலுள்ள எழுத்துக்களைக் கண்டறிந்து, தேடுவதற்கும் வழி செய்யும். பல்கலைக்கழகங்களுக்கு இதுவே மிகப் பொருந்தும் என்பது என் கருத்து.

பிரான்ஸின் பிரமாசாப்ட் என்னும் சங்கம் ஆதரித்து, 2018 அக்டோபரில் முதற்பதிப்பாக வெளியிட்ட பியர்டியூப் வேறு வகையானது. அதில் ஒரே பெரிய மேடை இல்லை. ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் சர்வரில் தன் மேடையை நடத்தும். ஒன்றில் உள்ள படத்தை மற்றொன்றிலிருந்து தேடவும் காணவும் முடியும். ஒரே சமயத்தில் பலர் ஒரு படத்தைப் பார்க்கும்போது, அவர்களுடைய கருவிகள் தமக்குள்ளே துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு சர்வரின் சுமையைக் குறைக்கும். இங்கே ஒரு குறையையும் சொல்லவேண்டும்: பரிமாற்றத்தினால் ஒருவருடைய இணைய முகவரி மற்றவருக்குத் தெரியும், அளந்து விற்கும் கைப்பேசி இணைப்பில் செலவும் கூடும். வேண்டாதவர்கள் பரிமாற்றத்தை நிறுத்திவைக்கலாம். என்னைப் போன்றோருக்கு இனிய செய்தி 2023 நவம்பரில் வந்தது. அப்போது வெளியான ஆறாம் பதிப்பில், முகவரி மாறாமலே படத்தின் புதிய பிரதியை ஏற்றும் வசதி சேர்ந்தது. அவ்வசதி எங்களிடம் இருந்திருக்குமாயின், அந்த ஐந்து வாரங்கள் ஒரு பிற்பகலாகச் சுருங்கியிருக்கும்.

இனி, தமிழுக்கே உரிய ஒரு விஷயம். யுனிகோடு முறையில் 'கொ' என்னும் எழுத்து, முதலில் ககரம், அடுத்து உயிர்க்குறி என்றே சேமிக்கப்படுகிறது. திரையிலோ அக்குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் தோன்ற வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் திறந்த மூல நிரல் ஹார்ப்பஸ். வரிகளைப் படத்தில் வரையும் மென்பொருளுடன் அதைச் சேர்க்காமல் அமைத்துவிட்டால், கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறும். இத்தகைய சிதைவுகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மேலும், ஒரு வரியின் நீளத்தைச் சில மென்பொருள்கள் பைட் கணக்கில் அளக்கின்றன. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். 'கொ' என்பதற்கோ யு.டி.எப்.-8 முறையில் 6 பைட்டுகள் வேண்டும். ஆங்கிலத்துக்கு வகுத்த எல்லைக்குள் தமிழ் வரி நடுவிலேயே அறுந்துபோவது இதனால்தான். மூடிய மேடையில் இதைக் கண்டால் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கலாம். திறந்த மேடையில் நம் பொறியாளர் ஒருவர் நிரலைத் திறந்து காரணத்தைக் காணலாம். திருத்திய பின் அத்திருத்தம் மலையாளத்துக்கும் வங்காளிக்கும் உபயோகமாகும்.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களுள் வலுவானது செலவு. விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் ஒரு மணி நேர விரிவுரை 450 மெகாபைட் இடம் கொள்ளும். ஆயிரம் பேர் ஒருங்கே பார்த்தால் விநாடிக்கு 1 கிகாபிட் அனுப்ப வேண்டும். வர்த்தக மேடை இதையெல்லாம் இலவசமாகச் செய்கிறதே என்பர். மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அங்கே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தையில் கடை விரிக்கலாம். விதைநெல்லை அங்கே வைக்க வேண்டியதில்லை. 2005-ல் கூகுள் தொடங்கிய கூகுள் வீடியோ 2009-ல் புதிய படங்களை ஏற்பதை நிறுத்தி, 2012-ல் மறைந்தது. பிலிப் என்னும் மேடை 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. முதற்பிரதியைத் தம்மிடம் வைத்திருந்தவர்கள் வேறிடம் சென்றார்கள்.

ஆனால் திறந்த மூலம் என்பதனாலேயே ஒரு மேடை நிலைத்துவிடாது. ஐரோப்பிய யூனியனின் தகவல் பாதுகாப்பு மேற்பார்வையாளர், பியர்டியூப்பைக் கொண்டு 2022 ஏப்ரலில் தொடங்கிய ஈ.யூ. வீடியோ என்னும் சோதனை மேடை, 2024 மே மாதத்தில் மூடப்பட்டது. நிரலில் கோளாறு ஏதுமில்லை; பொறுப்பேற்று நடத்த முன்வந்த அலுவலகம் இல்லை. கிணறு வெட்டுவதற்கு ஒதுக்கீடு கிடைக்கும், தூர்வாருவதற்குக் கிடைக்காது என்பது ஐரோப்பாவிலும் வழக்கம் போலும்! இதற்கு மாறாக, பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது ஆசிரியர்களுக்கு அளித்த சாதனங்களில் பியர்டியூப்பும் ஒன்று.

நம் நாட்டில் இதற்குரிய அடித்தளம் இல்லாமலில்லை. அரசாங்க அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தர வேண்டும் என்னும் கொள்கை 2015-லேயே வெளியாயிற்று. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகள், மறு உபயோகத்துக்கு இடமளிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. 2017-ல் தொடங்கிய தீக்ஷா மேடை, சன்பேர்டு என்னும் திறந்த மூல நிரலின்மேல் எழுந்தது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அச்சிட்ட கியூ.ஆர். குறிகள் அதனுடன் இணைக்கப்பட்டவை. அக்குறி ஒரு படத்தை நேராகச் சுட்டாமல் ஓர் எண்ணைச் சுட்டுகிறது. எண்ணுக்கு அப்பால் இருக்கும் பாடத்தை மாற்றினாலும் நூலைத் திரும்ப அச்சிட வேண்டாம். எங்கள் துண்டுப் பிரசுரத்துக்கு இந்த யோசனை தோன்றவில்லையே என்று வருந்தியிருக்கிறேன்.

எனினும் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் மிகவும் மதிப்பது, மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தின் முறையை. அங்கே படத்துக்கு முன்னர் உரை பிறக்கிறது. திரையில் காண்பது ஒரு பத்தியிலும், சொல்வது அடுத்த பத்தியிலுமாக முழு உரையும் எழுதப்படும். நேரக் குறிப்பும் சேரும். அதை வைத்துக்கொண்டு தமிழிலோ அசாமியிலோ எழுதிப் பேசிப் பதிவு செய்கிறார்கள். படம் பழையதானாலும் உரை தனியே நிற்கிறது. சுமார் பத்து நிமிடப் பாடங்களே ஆதலால், ஒன்று தவறினால் அதை மட்டும் புதுப்பித்தால் போதும். பேச்சைக் கேட்டுத் தானே வரி எழுதும் யந்திரங்கள் இப்போது வந்துவிட்டனவே, இவ்வளவு பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். அவை விரைவில் எழுதுகின்றன. ஆனால் துறைச் சொற்களிலும் அளவைகளிலும் தடுமாறுவதை நாள்தோறும் திருத்திக்கொண்டிருக்கிறேன். 2 எது, 20 எது என்று பார்க்க ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவர் கையில் திருத்தும் உரிமையும் இருக்க வேண்டும்.

ஆகவே, அமைச்சகங்கள் வீடியோ ஒப்பந்தம் எழுதும்போது, எழுத்துப் பதியாத பிரதியையும், வரிகளை யுனிகோடில் தனிக் கோப்பாகவும் கேட்டுப் பெறுமாறு வேண்டுகிறேன். கணக்கும் முகவரியும் அமைச்சகத்தின் பெயரிலேயே இருக்கட்டும். மேடையை நடத்துவதற்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடும், இரண்டு நிரந்தர ஊழியர்களும் வேண்டும். ஒவ்வொரு துறையும் தனித்தனியே சர்வர் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஒரு மேடையைப் பல ஸ்தாபனங்கள் கூடி நடத்தலாம். வரிக் கோப்பைத் திருத்தும் அனுமதி, அதை எழுதிய மொழிபெயர்ப்பாளருக்கு ஒப்பந்தம் முடிந்த பின்னும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எவரும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. அதை நான் இங்கே கேட்கிறேன்.

அந்த எட்டு நிமிடப் படத்தின் தமிழ் வரிகள் என் மேசையறையில் இருக்கின்றன. 20 என்பதை அடித்துச் சிவப்பு மையால் 2 என்று எழுதியிருக்கிறேன். ஆங்கிலப் படம் பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் எங்கள் அலுவலகத்தில் எவரிடமும் இல்லை.