கண்ணுக்கு எட்டாத மழை

பெருநாள் விடுமுறை வந்துவிட்டால் எங்கள் சூரமங்கலத்து வீடுகளில் ஒகேனக்கல் பேச்சு எழாமல் இராது. சில ஆண்டுகளுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், நாங்களும் பிள்ளைகளோடு புறப்பட்டோம். அங்கே நல்ல வெயில். வானில் மேகமே இல்லை. ஆயினும் பரிசல் செல்லத் தடை விதித்திருந்தார்கள். பேரன் அழுதான். கூடுதலாகப் பணம் தருகிறேன் என்று கையை நீட்டினேன். முதிய பரிசலோட்டி அதைத் தொடவில்லை. “தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், பாய். மழை இங்கே இல்லை, குடகில் பெய்கிறது” என்றார்.

அவர் கூற்று முற்றிலும் உண்மை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பி, உபரிநீர் திறந்துவிடப்படுகிறது. அந்நீர் மேகதாட்டு மலையிடுக்கைக் கடந்து, பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லை அடைகிறது. சமவெளியில் பரந்து செல்லக்கூடிய வெள்ளம், பாறைச் சுவர்களுக்கிடையே ஒடுங்கும்போது பக்கவாட்டில் இடமின்றி மேல்நோக்கி உயர்கிறது. சற்று முன் நாம் நின்றிருந்த பாறை மூழ்கிவிடுகிறது. 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை அவ்வெள்ளத்தை ஏந்திக்கொள்கிறது. அதன்பின் சமவெளியில் நெடுந்தொலைவு ஓடியே காவிரி பூம்புகாரில் கடலைக் காண்கிறாள்.

மலையிடுக்கின் வழியே ஒரே நாளில் நடந்து கடலை அடையும் பாதையொன்று கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இருக்கிறது. சமாரியா என்னும் அவ்விடம் 1962 முதல் தேசியப் பூங்காவாகும். 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் இறங்கி நடந்தால் லிபியக் கடல் வந்துவிடும். வழியில் ஓரிடத்தில் பாறைகளுக்கிடையே அகலம் சுமார் 4 மீட்டர்தான். மே முதல் அக்டோபர் வரையே பொதுவாக அங்கு நடக்க அனுமதிக்கிறார்கள். அம்மாதங்களிலும் மழை அபாயம் இருந்தால் வாயிலை அடைத்துவிடுவார்கள். கடல் கடந்து வந்தவரும் திரும்பத்தான் வேண்டும்.

வாசக அன்பர்களே! ஒகேனக்கல் புறப்படுமுன், குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரை, காவிரியின் நீர்வரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். தடை இருந்தால் கரையோடு நின்று, கொண்டுபோன சோற்றைப் பிள்ளைகளோடு உண்டு திரும்புங்கள்.

அன்று பரிசல் ஏறாததை என் பேரன் எப்போதோ மறந்துவிட்டான். அவன் கண்ணெதிரே பணத்தை நீட்டிய என் கையை மறந்தானா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.