சிறைக்குள்ளும் ஓடும் மீட்டர்

சனிக்கிழமை காலையில் எங்க ஊர் நூலகத்தில் ரெஸ்யூமே எழுத உதவி செய்வேன். டெக்சாஸ் வந்து ஒன்பது வருஷமாச்சு, ஆபீஸுக்கு வெளியே நான் அமெரிக்கர்களோடு உட்கார்ந்து பேசுவது அங்கேதான்.

போன மாசம் ஒருத்தர் வந்தார். ஐந்து வருஷம் சிறையில் இருந்தவர். ஃபோர்க்லிஃப்ட் நல்லா ஓட்டுவாராம். ஆனா அவர் முதலில் கேட்டது, "சம்பளத்தை ரொக்கமா தர்ற வேலை எங்கேயாவது கிடைக்குமா?"

ஏன்னு கேட்டேன். ஒரு கடிதத்தை நீட்டினார். சைல்ட் சப்போர்ட் பாக்கி. மாசம் 400 டாலர் கட்டணும்னு கோர்ட் உத்தரவு. அவர் உள்ளே இருந்த 60 மாசத்துக்கு மட்டும் 24,000 டாலர். அதுக்கு மேலே வட்டி, இங்கே வருஷத்துக்கு 6 சதவீதம். டெக்சாஸ் சிறைகளில் வேலை வாங்குவார்கள், பெரும்பாலும் கூலி கிடையாது. எதை வைத்துக் கட்டுவார்?

தொகையைக் குறைக்க உடனே மனு போட்டிருக்கலாம். சிறையில் இருப்பதை, வேண்டுமென்றே வேலையில்லாமல் இருப்பதாக மாநிலங்கள் கருதக்கூடாது என்று 2016 டிசம்பரில் மத்திய அரசு விதியே வந்தது. ஆனா மனு போடாமல் கடந்துபோன மாசங்களை 1986-ல் வந்த பிராட்லி திருத்தம் பூட்டிவிடும். அந்தப் பாக்கியை நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. எங்க பாஷையில், ரோல்பேக் கிடையாது.

வெளியே வந்ததும் சம்பளத்தில் பாதி வரை பிடிக்கலாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாது. டிரைவிங் லைசென்ஸையும் முடக்கலாம். கார் இல்லாம இந்த ஊரில் பால் வாங்கவே போக முடியாது, வேலைக்கு எப்படிப் போவார்?

வீட்டில் சொன்னேன். "அஞ்சு வருஷம் அந்தப் பிள்ளையை அவ தனியா வளர்த்தாளே, அதுக்கு யார் பதில் சொல்றது?" என்றாள் மனைவி. நியாயம்தான். அது பிள்ளையின் பணம். ஆனா மனுஷன் ரொக்க வேலைக்கு ஒளிந்து போய்விட்டால் பிள்ளைக்கு ஒரு டாலரும் வராது. அம்மா அரசின் உதவிப் பணம் வாங்கியிருந்தால், வசூலாகும் பாக்கியில் ஒரு பங்கை அரசே எடுத்துக்கொள்ளவும் செய்யும்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கு. விவாகரத்தாகி சைல்ட் சப்போர்ட் கட்டுகிறவருக்கு வேலை போனால் இதே சட்டம்தான். "பரவாயில்ல, அப்புறம் குடுங்க" என்று முன்னாள் மனைவி போனில் சொன்னது கோர்ட்டில் எடுபடாது. அந்த வாரமே மனு போடுங்க.

இனி வரும் மாசங்களுக்காவது குறைக்கச் சொல்லி, அவருக்கு மனுப் படிவத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கிடங்கு வேலை ஒன்றுக்கும் விண்ணப்பித்தோம், செக்கில் சம்பளம். பிடித்தம் போக வாடகைக்கு மிஞ்சுமா என்று அந்தப் படிவத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார்.