கிளிமூக்குக் கூடை

கிளிமூக்கும் மாம்பழம்தான். அப்படியானால் கிளிமூக்குக் கூடையும் மாம்பழக் கூடைதானே? இல்லை என்கிறது ஜாவா.

திருப்பதியில் எம்.சி.ஏ. படிக்கும் அக்காள் மகள் இந்தப் புதிரோடு வந்தாள். 'இன்ஹெரிட்டன்ஸ்' விதிப்படி, மாம்பழத்தின் குணங்கள் எல்லாம் கிளிமூக்குக்கும் உண்டு. மாம்பழம் கேட்கும் இடத்தில் கிளிமூக்கைக் கொடுக்கலாம். ஆனால் மாம்பழப் பட்டியல் கேட்டால் கிளிமூக்குப் பட்டியலைக் கொடுக்க முடியாது. "விதி மனப்பாடம் சித்தி. காரணம்தான் புரியலை" என்றாள்.

சித்தூர் மண்டியை நினைத்துக்கொள் என்றேன். கூழ் ஆலைக்குப் போகும் கிளிமூக்குக் கூடை ஒன்று. அதை "மாம்பழக் கூடை" என்று சொல்லி ஒருவரிடம் நீட்டினால் அவர் பங்கனப்பள்ளியைப் போடுவார். அவர் மேல் தப்பில்லை, அதுவும் மாம்பழம்தானே! கூழான பிறகு யார் பிரிப்பது? எண்ணிப் பார்க்க மட்டும் என்றால் யாரிடமும் கொடுக்கலாம். ஜாவாவும் அதற்குத் தனி வழி வைத்திருக்கிறது: எடுக்கலாம், போடக் கூடாது.

1996ல் ஜாவா வெளிவந்தபோது அதன் பட்டியல்கள் திருமலை உண்டியல் மாதிரி. நாணயம், நோட்டு, நகை எது வேண்டுமானாலும் விழும். உண்டியலுக்குப் பரகாமணி இருக்கிறது. ஆட்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். வங்கிக் கணக்குப் புரோகிராமுக்கு அந்த வசதி ஏது? தொகை என்று எடுத்தது பெயராக இருந்தால், கவுன்டரில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போதே புரோகிராம் படுத்துவிடும்.

2004ல் ஜாவாவின் 5ஆம் பதிப்பு 'ஜெனரிக்ஸ்' கொண்டுவந்தது. எந்தச் சரக்குக்கான கூடை என்று முதலிலேயே சீட்டு ஒட்டிவிடலாம். தப்பான சரக்கைப் போட முயன்றால், புரோகிராம் ஓடுவதற்கு முன், கம்பைல் செய்யும்போதே பிழை தெரிந்துவிடும். திருத்த வேண்டியது எழுதியவர். அவதிப்படுவது வாடிக்கையாளர் அல்ல.

"இவ்வளவுதானா? புத்தகத்தில் ஏன் இப்படி இல்லை?" என்றாள் பெண்.

மண்டியில் கூடை தூக்குபவருக்குத் தெரிந்த நியாயம், இங்கிலீஷில் வந்ததால் பட்டதாரிப் பெண்ணுக்கு மனப்பாடப் பாடமாகிவிட்டது. மொழிபெயர்ப்பவள் என்ற முறையில் எனக்கும் இதில் பங்குண்டு. 'இன்ஹெரிட்டன்ஸ்' என்பதற்கு மரபுரிமையா, மரபுரிமமா என்று மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். மாம்பழக் கூடையைத் தேடவில்லை.