சாதிச் சான்றிதழுக்கு ஜூன் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

2025 மே 8ஆம் தேதி பிளஸ் 2 முடிவுகள் வெளியானபோது மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். எட்டு நாள் கழித்து வந்த பத்தாம் வகுப்பு முடிவில் 93.80 சதவீதம். ஓசூர் மாநகராட்சிப் பகுதியின் அரசுப் பள்ளிகளிலும் இனிப்பு வழங்கப்பட்டது, தலைமையாசிரியர்களுக்குப் பாராட்டு கிடைத்தது. உழைத்துப் படித்த பிள்ளைகளுக்கு அது உரிய மகிழ்ச்சிதான். 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்தபோது 71.46 சதவீதத்தில் நின்ற மாவட்டம் கிருஷ்ணகிரி. இங்கே ஒரு தலித் குடும்பத்தின் முதல் பிள்ளை பிளஸ் 2 முடிப்பதை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது.

ஆனால் தேர்ச்சிப் பட்டியலோடு கணக்கு முடிந்துவிடுகிறது. தேர்ச்சி பெற்ற பட்டியலினப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஜூலையில் கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் கம்பெனிப் பேருந்தில் ஏறினார்கள் என்ற விவரத்தைப் பள்ளிவாரியாக யாரும் மக்கள் முன் வைப்பதில்லை.

கம்பெனி வேலையைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமல்ல. 1970களில் சிப்காட் வந்தது முதல் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஊர் இது. இன்று கூத்தனப்பள்ளியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது. அஞ்செட்டி, தளி பக்கம் பதினாறு வயதில் மணமுடித்து அனுப்பப்படும் அபாயத்தில் இருக்கும் பெண்ணுக்கு, பிளஸ் 2 முடித்தால் சம்பளம் உண்டு என்ற நம்பிக்கையே ஒரு பாதுகாப்பு. ஆனால் அதே ஆலைக்குள் பொறியாளர் அறையில் யார் அமர்கிறார்கள், ‘லைனில்’ யார் நிற்கிறார்கள் என்பதைக் கல்லூரிச் சேர்க்கைதான் தீர்மானிக்கிறது. தனியார் ஆலைகளில் இடஒதுக்கீடு இல்லாத நிலையில், பட்டப்படிப்பு ஒன்றே நம் பிள்ளைகளின் கைப்பிடி.

அந்தச் சேர்க்கையில் எல்லைப் பகுதித் தலித் மாணவர்களைத் தடுக்கி விழவைப்பது மதிப்பெண் அல்ல, சாதிச் சான்றிதழ்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டங்களின் தலித் மக்கள் ஒரே மொழி பேசுபவர்கள் அல்லர். வீட்டில் தெலுங்கு பேசும் மாதிகா, ஆதி ஆந்திரர்; கன்னடம் பேசும் ஹொலையா, ஆதி கர்நாடகர்; தமிழ் பேசும் ஆதிதிராவிடர் என எல்லோரும் அருகருகே வாழ்கிறார்கள். இந்தப் பெயர்கள் எல்லாமே தமிழ்நாட்டின் பட்டியலில் உள்ளவை. இருந்தும் ‘தெலுங்கு பேசுகிறீர்கள், ஆந்திராவா?’, ‘கன்னடமா, ஆனேக்கல்லா?’ என்ற கேள்விகளைச் சந்திக்காமல் இம்மக்கள் ஓர் அலுவலக வாசலைத் தாண்டுவது அரிது. ஓசூர், பழைய சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். மொழிவாரி மாநிலங்கள் வருவதற்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் இப்படிக் கேட்கிறார்கள்.

கேள்விக்குச் சட்ட அடிப்படை ஒன்று இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பட்டியலின அந்தஸ்து மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின்போது குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதே அளவுகோல். ஒரு மாநிலத்தின் பட்டியலினத்தவர் இன்னொரு மாநிலத்தில் சலுகை கோர முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. ஆனால் எழுபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய குடியிருப்புக்கு ஆதாரம் கொண்டுவா என்றால், பட்டாவே இல்லாத சேரிக் குடும்பம் எதைக் காட்டும்? பண்ணையில் கூலிக்கு இருந்த தாத்தாவுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்?

இன்னொரு சிக்கல் பெயரில் உள்ளது. அண்ணனின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘ஆதிதிராவிடர்’ என்றும் தங்கையின் சான்றிதழில் ‘மாதிகா’ என்றும் எழுதப்பட்டிருக்கும். முதல் வகுப்பில் சேர்த்தபோது யாரோ எழுதியது. முன்பு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 2009இல் அருந்ததியர் உள்ஒதுக்கீடு வந்த பிறகு நிலைமை வேறு. 18 சதவீதத்துக்குள் 3 சதவீதத்தில் முன்னுரிமை பெறுவது ஏழு சாதிகள். மாதிகாவும் ஆதி ஆந்திராவும் அதில் அடக்கம், ஆதி கர்நாடகா இல்லை. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இந்தச் சட்டத்துக்கு வலு சேர்த்துவிட்டது. ஒரு சொல் பிழையால் ஒரு மருத்துவ இடமோ பொறியியல் இடமோ கைநழுவக் கூடும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மனு நகர்ந்து பிழை திருத்தப்படுவதற்குள் கலந்தாய்வு முடிந்திருக்கும்.

வேலை தேடிப் பெங்களூரு போய்வரும் குடும்பங்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021 முதலும் கிடைக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் ஆகியவற்றுக்கு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருக்க வேண்டும். கட்டட வேலைக்குப் போன பெற்றோருடன் ஜூஜூவாடியைத் தாண்டி, கர்நாடக அரசுப் பள்ளியில் இரண்டு வருடம் படித்த பிள்ளைக்கு இந்தக் கதவு மூடிக்கொள்கிறது. ஏழ்மைதான் அந்தப் பிள்ளையை எல்லை தாண்ட வைத்தது என்பதற்கு விதியில் இடமில்லை.

அடுத்தது வருமானம். பட்டியலின மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையின் வருமான வரம்பு பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாயிலேயே நிற்கிறது. மாதக் கணக்கில் 20,833 ரூபாய். சிப்காட்டில் அப்பாவும் அம்மாவும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தால், கொஞ்சம் ஓவர்டைம் சேர்ந்தாலே வரம்பு தாண்டிவிடும். முற்பட்ட சாதியினரில் ‘நலிந்த பிரிவினர்’ என்று ஒன்றிய அரசு ஏற்கும் வரம்போ 8 லட்சம். இந்த இரண்டு எண்களையும் ஒரே அரசுதான் நிர்ணயித்தது.

மாநில அரசு சில நல்ல முடிவுகளை எடுத்திருக்கிறது. நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கல்வி நிறுவனப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் அரசு விடுதிகள் ‘சமூக நீதி விடுதிகள்’ ஆயின. அதற்கு முன் ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். (ஓசூரில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கம்பெனி ஊழியர் காலனி என்றால் வாடகை அதிகம். ஊருக்கு வெளியே உள்ள காலனி என்றால் வீடே கிடைக்காது.) வரவேற்கிறோம். பெயர்ப்பலகை மாற ஒரு நாள் போதும். சான்றிதழ் கேட்டு நிற்கும் பிள்ளைக்கு ஒரு நாள் தாமதமும் நஷ்டம்.

வாய்ப்பு கிடைத்தால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதற்கு எடுத்துக்காட்டு தொலைவில் இல்லை. சேலம் மாவட்டக் கல்வராயன் மலையில், கருமந்துறை அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி 2025இல் சென்னை ஐஐடியில் இடம் பிடித்தார். கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஓசூரின் சேரிப் பிள்ளைக்கு இவை பேருந்து தூரம்தான்.

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது கடினமான காரியம் அல்ல. பள்ளிகள் வழியாகவே சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு தமிழகத்துக்குப் புதிதும் அல்ல. எல்லை வட்டங்களின் எல்லா அரசுப் பள்ளிகளிலும், பிளஸ் 2 படிக்கும் பட்டியலின மாணவர்களின் சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே சரிபார்க்க வேண்டும். தெலுங்கும் கன்னடமும் தெரிந்த வருவாய்த் துறை ஊழியரை முகாமில் அமர்த்த வேண்டும். 1950 ஆதாரம் இல்லாத இடத்தில், உறவினர் சான்றிதழையும் கள விசாரணையையும் ஏற்று முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஓசூர் சார் ஆட்சியரும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரும் முதன்மைக் கல்வி அலுவலரும் ஒரு மேசையில் அமர்ந்தால், பொதுத்தேர்வு தொடங்கும் முன்பே இதை முடித்துவிடலாம்.