ரிஷிகள் எங்கே போனார்கள்?

செங்கல்பட்டுக்கு அடுத்த திருக்கழுக்குன்றத்தைப் பற்றிக் கேள்விப்படாத தோழர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அம்மலைமேல் தினமும் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும் என்றும், கோவிலார் வைக்கும் சர்க்கரைச் சோற்றையும் நெய்யையும் தின்றுவிட்டுப் பறந்துபோகும் என்றும், அவை பறவைகளே அல்ல, சிவனுடைய சாபத்துக்கு ஆளான எட்டு ரிஷிகளில் யுகத்துக்கு இருவராகக் கரையேறிப் போக, இந்தக் கலியுகத்துக்கென்று மிச்சமான இருவர் என்றும் நம் பாட்டன் பூட்டன் காலமாய்ச் சொல்லி வந்தார்கள். இதைப் பார்க்க ஜனங்கள் ரயிலேறியும் வண்டி கட்டியும் போனார்கள். என்றைக்காவது பறவை வராமற் போனால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. “கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான்” என்று சொல்லிவிட்டால் போதும். வந்தவன் ஒவ்வொருவனும் தான்தான் அந்தப் பாவியோ என்று தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போவான்.

1990-களின் கடைசியோடு அப்பறவைகள் வருவது அடியோடு நின்றுவிட்டது. இப்பொழுது நாம் கேட்கிறோம்: அந்த ரிஷிகள் எங்கே போனார்கள்? ஒரு நாள் வராததற்கு ஒரு பாவி காரணம் என்றால், இத்தனை வருஷமாய் வராததற்கு எத்தனை பாவிகள் வேண்டும்? கலியுகம் முடிந்துபோயிற்று என்று பஞ்சாங்கக்காரர் யாரும் சொல்லக் காணோமே!

உண்மை என்னவென்றால், அவை மஞ்சள்முகப் பாறு என்கிற பிணந்தின்னி இனம். செத்த மாட்டையும், சாணத்தையும், குப்பையையும் தின்று பிழைப்பது. சர்க்கரைச் சோறு கிடைத்தால் அதையும் தின்னும். அந்த இனமே இந்தியா முழுவதும் அதே காலத்தில் பெருவாரியாகக் குறைந்துபோயிற்று. தேசமெங்கும் அழிந்துகொண்டிருக்கிற ஓர் இனம் ஒரு குன்றுக்கு மாத்திரம் தவறாமல் வந்துகொண்டிருக்குமா என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

நிற்க, இவ்வளவோடு சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்று சில தோழர்கள் நினைக்கலாம். அப்படிச் சிரித்துவிட்டுப் போவது பகுத்தறிவு ஆகாது என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறோம். ரிஷி இல்லை என்று தெரிந்துகொண்டது பாதி அறிவு. பறவை ஏன் போயிற்று, போனதால் மனிதனுக்கு என்ன வந்தது என்று தெரிந்துகொள்வதே மீதிப் பாதி.

1980-களில் இந்தியாவில் சுமார் 4 கோடி பிணந்தின்னிக் கழுகுகள் இருந்ததாக மதிப்பு. அவற்றில் மிகுதியாக இருந்தது வெண்முதுகுப் பாறு. இராஜஸ்தானத்தில் பரத்பூர் சரணாலயத்தில் அவற்றைக் கவனித்து வந்த, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்பவர், 1990-களில் பறவைகள் கழுத்துத் தொங்கி மரக்கிளைகளிலேயே மாண்டு கிடப்பதைக் கண்டு வெளியிட்டார். அதன்பின் எண்ணிப் பார்த்ததில் 1992-ல் 1000 இருந்த இடத்தில் 2007-ல் ஒன்றுதான் மிஞ்சியது என்று ஏற்பட்டது. இவ்வளவு வேகமாய் ஒரு பறவைக் கூட்டம் அழிந்ததை உலகம் கண்டது மிக அபூர்வம்.

இதற்குக் காரணம் என்ன? தலையெழுத்து என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. பாகிஸ்தான் பஞ்சாபில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கரும் அவர் கூட்டாளிகளும் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசினாற்போல ஈரல் மேலும் இருதயத்தின் மேலும் படிந்து கிடந்தது. தொற்று நோயோ என்று பார்த்தார்கள், இல்லை. பூச்சி மருந்தோ, ஈயம் முதலிய உலோக விஷமோ என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. பிறகு, “இப்பறவை எதைத் தின்கிறது? செத்த மாட்டை. மாட்டுக்குள் புதிதாக என்ன போகிறது?” என்று கேட்டுக்கொண்டு, மாட்டு வைத்தியர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய் விசாரித்தார்கள். அங்கேதான் டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்து அகப்பட்டது.

மனிதருக்கு மூட்டுவலிக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். 1990-களில் விலை மலிந்து போகவே, மாட்டுக்கும் ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட மாடு சில நாளைக்குள் செத்தால், அதன் உடம்பில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகு சில தினங்களில் மாளும். சிறுநீரகம் கெட்டுச் செத்த பறவைகள் 25-ஐச் சோதித்ததில் 25-லும் அம்மருந்து இருந்தது. வேறு விதமாய்ச் செத்த 13-ல் ஒன்றில்கூட இல்லை. அதோடும் விடவில்லை. மருந்து போட்ட மாட்டின் இறைச்சியைக் கூண்டுப் பறவைகளுக்குக் கொடுத்து, அதே விதமாய் மாளுவதையும் கண்டார்கள். 2004-ல் இம்முடிவு உலகத்துக்கு வெளியாயிற்று. நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் விஷம் இருந்தாலே இவ்வளவு நாசத்துக்குப் போதும் என்றும் கணக்கிட்டார்கள். ஏனென்றால் ஒரு பிணத்தில் ஐம்பது அறுபது கழுகுகள் கூடும். ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். அக்குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து வருஷம் செல்லும்.

“பாவி யார்?” என்ற கேள்விக்கும் “காரணம் என்ன?” என்ற கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோழர்கள் பார்க்கவேண்டும். முதல் கேள்வி ஜனங்களைத் தலைகுனிய வைத்தது. இரண்டாவது கேள்வி விஷத்தைக் கையும் களவுமாகப் பிடித்தது.

சரி, “கழுகு செத்தால் மனிதனுக்கு என்ன? நமக்கு மனிதனைப் பற்றித்தானே கவலை?” என்று நம் தோழர்களே கேட்பார்கள். அவர்களுக்கு மனிதக் கணக்கையே சொல்கிறோம்.

இந்நாட்டில் மாடுகள் கோடிக் கணக்கில் இருக்கின்றன. செத்தால் பெரும்பாலும் தின்பதில்லை, ஊருக்கு வெளியே போடுகிறார்கள். முன்பெல்லாம் கழுகுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மட்டும் மிஞ்சும்படி தின்று தீர்த்துவிடும். அதன் வயிற்று அமிலத்தில் கொடிய நோய்க் கிருமிகளும் பிழைப்பது அரிது. கழுகு போனபின் அப்பிணம் நாட்கணக்கில் நாறிக் கிடந்தது. நாயும் எலியும் பெருகின. ஊற்று நீரிலும் ஓடை நீரிலும் அழுகல் கலந்தது. 1992 முதல் 2006 வரை கழுகில்லாத குறையால் மட்டும் நாய்கள் குறைந்தது 55 லட்சம் அதிகமாயின என்றும், அதனால் ஏறக்குறைய 47,000 பேர் வெறிநாய்க் கடியால் அதிகமாய் மாண்டனர் என்றும் 2008-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. 2024-ல் ஃபிராங்க், சுதர்சன் என்னும் இரு பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள், கழுகு மிகுந்திருந்த ஜில்லாக்களையும் இல்லாதிருந்த ஜில்லாக்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை மாத்திரம் சுமார் 5 லட்சம் மனிதர்கள் அதிகமாய் இறந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். ஐந்து லட்சம்! இவர்கள் யார்? மாடியில் வடிகட்டிய தண்ணீர் குடிப்பவர்களா? மோட்டாரில் போவதால் நாய்க்கடிக்குத் தப்பியவர்களா? ஓடைத் தண்ணீரைக் குடித்தவனும், செருப்பில்லாமல் இருட்டில் நடந்தவனும் அல்லவா?

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தக் கழுகை நம்மவர் என்ன மதித்தார்கள்? கூரைமேல் உட்கார்ந்தால் அபசகுனம், வீட்டுக்குத் தோஷம், பரிகாரம் செய்யவேண்டும் என்றார்கள். மலைமேல் வந்தால் ரிஷி, கூரைமேல் வந்தால் பீடை! செத்த மாட்டை இழுத்து ஊரைச் சுத்தமாக்கின மனிதனையும் இப்படித்தானே பிறப்பிலேயே இழிந்தவன் என்று சேரியில் ஒதுக்கினார்கள்? அழுக்குச் செய்கிறவன் உயர்ந்தவன், அழுக்கு எடுக்கிறவன் தாழ்ந்தவன் என்கிற அதே புத்திதான் பறவை விஷயத்திலும் வேலை செய்திருக்கிறது. யார் இல்லாவிட்டால் ஊர் நாறுமோ அவரை மதிக்காத சமூகம், அவர் போனபிறகுதான் நாற்றத்தை அறிகிறது.

“பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானம் செய்த மருந்துதானே கொன்றது?” என்று பழமைக்காரர் கேட்கக் கூடும். கேட்கட்டும். ஆம், மருந்து விஞ்ஞானத்தில் பிறந்ததுதான். மாட்டைச் சோதித்தவர்கள் மாட்டைத் தின்னும் பறவையைச் சோதிக்கவில்லை. அது குற்றமே, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் குற்றத்தைக் கண்டுபிடித்தது எது? சாஸ்திரமா, புராணமா? அதே விஞ்ஞானந்தான். கண்டுபிடித்ததோடு நிற்காமல், மெலாக்சிகாம் என்ற வேறு மருந்து மாட்டின் வலியையும் போக்கும், கழுகையும் கொல்லாது என்று சோதித்துக் காட்டியதும் அதுவே. தன் பிழையைத் தானே வெளியிட்டுத் திருத்திக்கொள்வது அறிவுக்குள்ள யோக்கியதை. பிழையே இல்லை என்று சாதிப்பது புராணத்துக்குள்ள யோக்கியதை.

பம்பாய்ப் பார்சிகளைப் பாருங்கள். பிணத்தைக் கழுகுக்குக் கொடுப்பது அவர்கள் மதம். கழுகு இல்லாமற் போகவே, வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளைத் தங்கள் மௌன கோபுரங்களில் வைத்துக்கொண்டார்கள். கண்ணெதிரே நடப்பதை ஒப்புக்கொண்டால் மதத்திலும் மாறுதல் செய்யலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

சர்க்கார் என்ன செய்தது என்றால், 2006-ல் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று தடுத்தது. ஆனால் மனிதருக்கென்று விற்ற பெரிய சீசாக்களை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் மனித மருந்தும் 3 மில்லி சீசாவுக்கு மேல் கூடாது என்று உத்தரவாயிற்று. கம்பெனிக்காரர்கள் வழக்காடினார்கள். 2017-ல் சென்னை ஹைக்கோர்ட் அவ்வுத்தரவு செல்லும் என்றது. அசெக்ளோஃபினாக் என்ற இன்னொன்றும் மாட்டின் உடம்புக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது என்று கண்டபின், அதையும் கீட்டோபுரோஃபெனையும் 2023-ல் மாட்டுக்குத் தடுத்தார்கள். அரியானாவில் பின்ஜோரில் கழுகுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். நம் பக்கத்தில் முதுமலை, சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் ஒரு சிறு கூட்டம் இன்னும் பிழைத்திருக்கிறது. தென்னாட்டில் இதுதான் முக்கியமான மிச்சம்.

ஆகவே கிராமத்துத் தோழர்களுக்குச் சொல்கிறோம்: மாட்டுக்கு ஊசி போட வருகிறவரை, “இது என்ன மருந்து?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. மனித மருந்தை வாங்கி நீங்களாக மாட்டுக்குப் போடாதீர்கள். மாட்டை அடித்த சிறுத்தையின் மேல் கோபத்தால் பிணத்தில் விஷம் வைக்காதீர்கள். அதைத் தின்று கழுகும் சாகும். நாய் கடித்தால் மந்திரிக்கவோ வேர் கட்டவோ போகாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மந்திரத்தை நம்பி ஒரு வாரம் கடத்தினவனை எந்த ரிஷியும் காப்பாற்றியதில்லை. பட்டணத்துத் தோழர்களுக்குச் சொல்வது: பறவை, பூச்சி, காடு என்றால் வேலையற்றவன் பேச்சு என்று தள்ளாதீர்கள். ஒரு மலிவு மருந்து மாட்டின் வழியாய்ப் பறவைக்கும், பறவை போன வழியாய் நாய்க்கும், நாயின் வழியாய் மனிதனுக்கும் வந்து சேர்ந்த கதையை மேலே பார்த்தோம். உலகம் இப்படி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கிறது. இதில் ஒரு கண்ணியை அறுக்கிறவன் என்ன அறுபடும் என்று முன்கூட்டியே கேட்கக் கடமைப்பட்டவன்.

திருக்கழுக்குன்றத்தில் ரிஷி வரவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதில் பயனில்லை. ரிஷி புளுகு என்று நாம் கைகொட்டிச் சிரிப்பதிலும் பெரிய பயனில்லை. என்றைக்காவது ஓர் உச்சிப் பொழுதில் அந்தப் பறவை மறுபடி அங்கே வட்டமிட்டால், அது சாபம் தீர்ந்ததால் அல்ல, மனிதன் புத்தியைச் செலவிட்டதால் வந்தது என்றுதான் அர்த்தம். அந்தப் பொழுதை வரவழைக்கிற வேலை கடவுளுடையதல்ல, நம்முடையது.